பெரிய இன நாய்க்குட்டிக்கு வரும் எச்.ஓ.டி. எலும்பு நோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேற்றுவரை துள்ளி ஓடிய மூன்று, நான்கு மாதக் குட்டி இன்று எழுந்து நிற்க மறுக்கிறது, காலைத் தொட்டால் அலறுகிறது. பெரிய இன நாய் வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் இந்தப் பதற்றத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அப்படி வந்தவற்றில் பல, எச்.ஓ.டி. என்ற எலும்பு வளர்ச்சி நோய் என்று பின்னர் தெரியவந்தன. அதைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் கால்நடை மருத்துவர் அல்ல. கோயம்புத்தூரில் கிரேட் டேன் நாய்களை வளர்த்து வருபவள். மருந்தின் அளவு எதையும் இங்கே எழுதவில்லை. குட்டியின் எடையையும் நிலையையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது அது.

எச்.ஓ.டி. என்றால் என்ன? இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லையே.

ஹைப்பர்ட்ராஃபிக் ஆஸ்டியோடிஸ்ட்ரஃபி என்பதன் சுருக்கம். சில மருத்துவர்கள் மெட்டாஃபைசியல் ஆஸ்டியோபதி என்று எழுதுவார்கள். இரண்டும் ஒரே நோய்தான். குட்டியின் நீண்ட எலும்புகளின் முனைகளில் வளர்தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கிருந்துதான். அந்தத் தட்டை ஒட்டி, புதிய எலும்பு உருவாகிக்கொண்டிருக்கும் இடத்தில் கடுமையான அழற்சி ஏற்படுவதே எச்.ஓ.டி. அங்குள்ள மெல்லிய எலும்பு இழைகள் சிதைந்து, ரத்தக் கசிவும் நுண்ணிய முறிவுகளும் உண்டாகின்றன. வலி அவ்வளவு கொடுமையாக இருப்பது இதனால்தான்.

முன்னங்காலில் மணிக்கட்டுக்குச் சற்று மேலேயும், பின்னங்காலில் கணுக்காலுக்குச் சற்று மேலேயும் இது அதிகமாகத் தெரியும். பெரும்பாலும் இடது, வலது இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் தாக்கும். ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. வீட்டிலுள்ள மற்ற நாய்களுக்கோ மனிதர்களுக்கோ தொற்றாது.

எந்த இனத்துக்கு வரும்? எத்தனை மாதத்தில் வரும்?

வேகமாக வளரும் பெரிய, மிகப் பெரிய இனங்களுக்கு வரும். கிரேட் டேன், வெய்மரானர், பாக்ஸர், ஐரிஷ் செட்டர், ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், மாஸ்டிஃப் வகைகள் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரையிலான வயதுதான் பெரும்பாலான குட்டிகளுக்கு ஆபத்தான காலம். மூன்று, நான்கு மாதத்தில் அதிகம். ராஜபாளையம் போன்ற உயரமான நாட்டு இனக் குட்டியாக இருந்தாலும், அறிகுறிகள் பொருந்தினால் மருத்துவரிடம் இந்தப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

கால் சுளுக்கு என்றுதான் முதலில் நினைத்தோம். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

சுளுக்கு ஒரு காலில் வரும். அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு மற்ற மூன்று கால்களில் குட்டி நடக்கும், சாப்பிடும், வாலாட்டும். எச்.ஓ.டி. வந்த குட்டி முழு உடம்பாலும் நோயுற்றிருக்கும். முதுகை வளைத்து, முட்டையின் மேல் நடப்பதைப் போல அடியெடுத்து வைக்கும். அல்லது எழவே மறுக்கும். உணவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மணிக்கட்டுக்கு மேலே புறங்கையை வைத்துப் பார்த்தால் வீக்கமும் சூடும் தெரியும். அழுத்திப் பார்க்காதீர்கள், வலி தாங்காமல் மிகச் சாதுவான குட்டிகூடக் கடித்துவிடும்.

அடுத்தது காய்ச்சல். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. எச்.ஓ.டி.யில் அது 104, 105, சில நேரம் 106 வரை ஏறலாம். மூக்கு உலர்ந்திருக்கிறதா, காது சுடுகிறதா என்று பார்ப்பதெல்லாம் நம்பகமான வழி அல்ல. மருந்துக் கடையில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் சிறிது வாசலின் தடவி, ஆசனவாயில் மெதுவாக நுழைத்து அளவெடுங்கள். பெரிய இனக் குட்டி வாங்கும்போதே அதற்கென்று தனியாக ஒரு தெர்மாமீட்டரும் வாங்கிவிடுங்கள். சில குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கும், கண், மூக்கிலிருந்து நீர் வடிவதும் சேர்ந்து வரும்.

காய்ச்சல் என்றால் உண்ணிக் காய்ச்சல்தானே? எங்கள் தெருவில் எல்லா நாய்களுக்கும் அதுதான் வருகிறது.

நம் ஊர்களில் உண்ணிக் காய்ச்சல் மிகப் பரவலானது. அது மூட்டு வலியையும் சோர்வையும் உண்டாக்கும். ஆகவே மருத்துவர் முதலில் அதைச் சந்தேகிப்பது சரியே. ரத்தப் பரிசோதனை அதைத் தெளிவுபடுத்த உதவும். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய், ரத்தத்தில் கிருமித் தொற்று, மூட்டில் சீழ் பிடித்தல் ஆகியவையும் காய்ச்சலோடு நடக்க முடியாத நிலையைத் தரும். தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை சில மருத்துவர்கள் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான். டிஸ்டெம்பர் இல்லை என்று தெரியும்வரை குட்டியை மற்ற நாய்களிடமிருந்து தள்ளி வைத்திருங்கள்.

உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்தாக டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்திருந்தால் பாலிலோ கால்சியம் சிரப்பிலோ கலந்து தராதீர்கள். கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. மூன்று நாள் மருந்து கொடுத்தும் வலி குறையவில்லை, மணிக்கட்டுக்கு மேல் வீக்கம் இருக்கிறது என்றால், எக்ஸ்ரே எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். இப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது.

எக்ஸ்ரே கட்டாயம் எடுக்க வேண்டுமா அக்கா? குட்டி ஏற்கெனவே வலியில் துடிக்கிறது.

எடுக்க வேண்டும். எச்.ஓ.டி.யை உறுதிப்படுத்த அதுதான் நேரான வழி. வளர்தட்டு எல்லாக் குட்டிகளின் படத்திலும் ஒரு கருங்கோடாகத் தெரியும். எச்.ஓ.டி.யில் அதற்கு இணையாக, சற்றுத் தள்ளி, இன்னொரு ஒழுங்கற்ற கருங்கோடு இருக்கும். பார்த்தால் இரண்டு வளர்தட்டுகள் இருப்பது போலத் தோன்றும். நோய் முற்றிய பிறகு எலும்பைச் சுற்றிப் புதிய எலும்பு திரண்டிருப்பதும் தெரியும். இரண்டு முன்னங்கால்களையும் எடுக்கச் சொல்லுங்கள். வலி மருந்து கொடுத்துவிட்டுப் படம் எடுக்கலாம். தேவைப்பட்டால் லேசான மயக்க மருந்தும் தருவார்கள்.

எக்ஸ்ரேயை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெறும் சோறும் கோழிக் கறியும், அல்லது ஈரலும் பாலும் மட்டுமே தின்று வளரும் குட்டிகளுக்கு, கால்சியமும் பாஸ்பரசும் சமநிலை இழந்து எலும்பு முழுவதும் மெலிந்துபோகும் நோய் ஒன்று வருகிறது. அந்தக் குட்டியும் நடக்க மறுக்கும். அதற்குக் கால்சியம் தேவை, எச்.ஓ.டி.க்குத் தேவையில்லை. படம் எடுக்காமல் எந்தப் பக்கம் மருந்து கொடுத்தாலும் குருட்டு வைத்தியம்தான்.

உங்கள் ஊரில் எக்ஸ்ரே வசதி இல்லையென்றால் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளை நாடலாம்: சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு. வெளியூர்ப் பயணம் என்றால், கிளம்பும் முன் உள்ளூர் மருத்துவரிடம் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு செல்லுங்கள். வலியோடு நான்கு மணி நேரம் காரில் குலுங்குவது அந்தக் குட்டிக்குப் பெரும் சித்திரவதை.

எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்குப் பேனோ என்று ஒருவர் சொல்கிறார், எச்.ஓ.டி. என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டும் ஒன்றா?

இல்லை. பேனோ என்பது பேனாஸ்டியைட்டிஸ். அதுவும் வளரும் நாய்களுக்கு வரும் எலும்பு வலிதான். ஆனால் எலும்பின் முனையை விட்டுவிட்டு நடுத்தண்டைப் பிடிக்கும். வயதும் சற்றுக் கூடுதல்: பெரும்பாலும் ஐந்து மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை. இந்த வாரம் இடது முன்னங்கால், அடுத்த வாரம் வலது பின்னங்கால் என்று நொண்டல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஜெர்மன் ஷெப்பர்டு ஆண் குட்டிகளிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும். காலப்போக்கில் தானே அடங்கிவிடும். காய்ச்சல் வரலாம் என்றாலும் எச்.ஓ.டி. போல நாயைப் படுக்கையில் தள்ளுவது அரிது. மூன்று மாதம், இரண்டு மணிக்கட்டுகளும் வீக்கம், 105 டிகிரி காய்ச்சல் என்றால் எச்.ஓ.டி.யை நினையுங்கள். எட்டு மாதம், மாறி மாறி நொண்டல் என்றால் பேனோவை நினையுங்கள். முடிவு எக்ஸ்ரேயில்.

கால்சியம் குறைவால்தானே எலும்பு வீங்குகிறது? டானிக்கை இரண்டு மடங்காக ஏற்றலாமா?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இது. குட்டி வாங்கும் அன்றே கடைக்காரர் ஒரு கால்சியம் சிரப்பைக் கையில் கொடுத்துவிடுகிறார். கால் வளைந்தால் ஒரு மூடி கூட்டு, நொண்டினால் இன்னொரு மூடி கூட்டு என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேற்பட்ட கால்சியத்தை உறிஞ்சாமல் கழித்துவிடும். குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது. கொடுப்பதில் பெரும்பங்கு உடலுக்குள் போய்விடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து நடந்த ஆராய்ச்சிகள் இதைத் தெளிவாகக் காட்டின: கால்சியம் மிகுந்த உணவு உண்ட குட்டிகளின் எலும்பு வளர்ச்சி கெட்டது. அமெரிக்காவில் தீவனத் தர அளவுகளை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பு, வளர்ந்தபின் 70 பவுண்டை, அதாவது ஏறத்தாழ 32 கிலோவை எட்டும் இனங்களின் குட்டி உணவில் ஈரம் நீக்கிய கணக்கில் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. மற்ற நாய்களுக்கு அந்த உச்சவரம்பு 2.5 சதவீதம். பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் இன்னும் குறைவாகவே கட்டுப்படுத்தப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கூடுதல் கால்சியம்தான் எச்.ஓ.டி.யை உண்டாக்குகிறது என்று நிரூபிக்கப்படவில்லை. அதைக் கொடுத்தால் எச்.ஓ.டி. குணமாகாது என்பதும், வளரும் எலும்புக்கு வேறு கேடுகளைச் செய்யும் என்பதும் உறுதி. சமச்சீரான குட்டி உணவு தின்னும் நாய்க்கு சிரப், முட்டை ஓட்டுத் தூள், எலும்புத் தூள் எதுவும் வேண்டாம். வீட்டுச் சமையல் தின்னும் குட்டி என்றால் நிலைமை வேறு. உணவு பற்றிய கேள்வியில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

காலையில் இளவெயிலில் படுக்க வைத்தால் வைட்டமின் டி கிடைக்குமே?

மனிதர்களுக்குக் கிடைக்கும். நாயின் தோல் தேவையான அளவு வைட்டமின் டி-யைத் தயாரிப்பதில்லை, உணவிலிருந்துதான் பெற்றுக்கொள்ளும். இளவெயில் குட்டிக்கு இதமாக இருந்தால் சிறிது நேரம் இருக்கட்டும். காய்ச்சல் உள்ள குட்டியை மருந்து என்று நினைத்து வெயிலில் கிடத்தாதீர்கள்.

பிறகு எதனால்தான் வருகிறது? நாங்கள் எதையோ தவறாகச் செய்துவிட்டோமா?

உறுதியான காரணம் இன்றுவரை கண்டறியப்படவில்லை. டிஸ்டெம்பர் வைரஸ், தடுப்பூசிக்குப் பிந்தைய எதிர்வினை, மிதமிஞ்சிய ஊட்டம், நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்குவது என்று பல கருத்துகள் ஆராயப்பட்டிருக்கின்றன. வெய்மரானர் இனத்தில் ஒரே ஈற்றைச் சேர்ந்த பல குட்டிகளுக்கு வருவதால் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்று வலுவாக நம்பப்படுகிறது. நல்ல உணவு, நல்ல கவனிப்பு எல்லாம் கிடைத்த குட்டிகளுக்கும் இது வந்திருக்கிறது. குற்ற உணர்ச்சியில் நேரத்தைக் கரைக்காதீர்கள். குட்டிக்கு இப்போது வேண்டியது வலி நிவாரணம்.

வைட்டமின் சி கொடுத்தால் சரியாகும் என்று படித்தேன்.

பழைய கருத்து. எச்.ஓ.டி.யின் எக்ஸ்ரே, வைட்டமின் சி குறைவால் மனிதக் குழந்தைகளுக்கு வரும் ஸ்கர்வி நோயின் படத்தைச் சற்று ஒத்திருப்பதால் ஒரு காலத்தில் அப்படி நினைத்தார்கள். நாயின் கல்லீரல் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும். கொடுத்துப் பார்த்ததில் பயனும் தெரியவில்லை.

இரவு பதினொரு மணி. கத்திக்கொண்டே இருக்கிறது. வீட்டில் டோலோ இருக்கிறது, கொடுக்கலாமா?

வேண்டாம். இந்த ஒரு பதிலையாவது வீட்டில் எல்லோரும் படித்துவிடுங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் கலந்த காம்பிஃப்ளாம் போன்ற மாத்திரைகள் நாயின் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். டோலோவில் இருக்கும் பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலையும் ரத்தச் சிவப்பணுக்களையும் கெடுக்கும். 650 மில்லிகிராம் மாத்திரை பெரியவர்களுக்கென்று செய்யப்பட்டது. கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தருவதையே இந்திய அரசு 2006-இல் தடை செய்துவிட்டது. அந்த மருந்து ஏறிய மாடுகளின் சடலங்களைத் தின்ற பாறு கழுகுகள் கொத்துக் கொத்தாக மடிந்ததே அதற்குக் காரணம். பழைய ஊசி எங்காவது வைத்திருக்கும் யாராவது போட வந்தால் மறுத்துவிடுங்கள்.

நாய்களுக்கென்று மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற அழற்சி எதிர்ப்பு வலி மருந்துகள் இருக்கின்றன. எச்.ஓ.டி.க்கு வழக்கமாக முதலில் தருவது இவற்றைத்தான். வலி கடுமையாக இருந்தால் வேறு வகை வலி மருந்தையும் மருத்துவர் சேர்ப்பார். பகலில் நோய் உறுதியான உடனேயே "இரவில் வலி கூடினால் என்ன செய்வது" என்று கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து தொடங்கிய பின் வாந்தி, தார் போலக் கறுத்த மலம், உணவை அடியோடு மறுத்தல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள்.

மருத்துவர் ஸ்டீராய்டு எழுதியிருக்கிறார். சின்னக் குட்டிக்கு ஸ்டீராய்டா? பயமாக இருக்கிறது மேடம்.

பயம் புரிகிறது. ஆனால் எச்.ஓ.டி.யில் அதற்கு உண்மையான இடம் இருக்கிறது. வெய்மரானர் குட்டிகளை ஆராய்ந்தபோது, வழக்கமான வலி மருந்துகளுக்குச் சரியாக அடங்காத நோய் ஸ்டீராய்டுக்கு நன்றாக அடங்கியது. தொற்று இல்லை என்று பார்த்துவிட்டு மருத்துவர் தந்தால் தைரியமாகக் கொடுங்கள். குட்டி நிறைய தண்ணீர் குடிக்கும், நிறைய சிறுநீர் கழிக்கும், பசி எடுக்கும், இவை எதிர்பார்க்கக்கூடியவை.

இரண்டு விதிகள். முதலாவது, முந்தைய பதிலில் சொன்ன மெலாக்சிகாம் வகை மருந்தையும் ஸ்டீராய்டையும் ஒருபோதும் சேர்த்துத் தரக் கூடாது. இரைப்பை துளைபடும் அளவுக்குப் புண் வரலாம். ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்க இடைவெளி வேண்டும். வேறு மருத்துவரிடம் போகும்போது ஏற்கெனவே கொடுத்த ஊசி, மாத்திரை அனைத்தின் பெயர்களையும் காட்டுங்கள். இரண்டாவது, குட்டி துள்ள ஆரம்பித்துவிட்டது என்று ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தாதீர்கள். அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பாட்டி விளக்கெண்ணெய் தடவி நீவிவிடச் சொல்கிறார். மஞ்சள் பற்றுப் போடலாமா?

நீவிவிடக் கூடாது. முதல் பதிலில் சொன்னபடி உள்ளே எலும்பு இழைகள் சிதைந்திருக்கின்றன. அழுத்தினால் வலிதான் கூடும். பற்றுப் போட்டாலும் குட்டி நக்கிவிடும். அதைவிட ஆபத்து, கற்பூரமும் புதினா உப்பும் கலந்த வலித் தைலங்கள். நக்கி உள்ளே போனால் நாய்க்கு அவை நஞ்சு. பாட்டியின் அன்பு வீணாக வேண்டாம்; குட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து காதோரம் தடவிக்கொடுக்கச் சொல்லுங்கள். வலியில் இருக்கும் குட்டிக்குப் பழகிய கை பெரிய ஆறுதல்.

வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது? எழவே மாட்டேன் என்கிறது.

படுக்கையிலிருந்து தொடங்குங்கள். மொசைக், டைல்ஸ், கிரானைட் தரைகளில் குட்டி எழ முயன்று வழுக்கினால் அந்த ஒரு முயற்சியோடு மனம் விட்டுவிடும். அது நடமாடும் வழி முழுவதும் ரப்பர் பாயோ வழுக்காத விரிப்போ போடுங்கள். படுக்க, நான்கைந்து மடிப்புப் போர்வை அல்லது பழைய மெத்தை; மேலே ஈரம் தெரிந்தால் உடனே மாற்றக்கூடிய துணி. தானாகப் புரண்டு படுக்காத குட்டியை மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபக்கம் திருப்பிவிட வேண்டும், இரவிலும்தான். இல்லையென்றால் இடுப்பிலும் முழங்கையிலும் படுக்கைப் புண் வரும். வீட்டில் நான்கு பேர் இருந்தால் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரே எல்லா இரவும் விழித்தால் மூன்றாம் நாள் அவரும் படுத்துவிடுவார்.

தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்தொடைகளுக்கு அடியில். அக்குளைப் பிடித்தோ முன்னங்காலைப் பிடித்தோ தூக்கக் கூடாது. கிரேட் டேன் குட்டி நான்கு மாதத்திலேயே ஒருவர் தூக்கக் கடினமான எடைக்கு வந்துவிடும். பெரிய துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து இருவர் தாங்கிச் சிறுநீர் கழிக்க வைக்கலாம். வலி மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து இதைச் செய்தால் குட்டிக்கும் உங்களுக்கும் எளிது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காய்ச்சல் 104-ஐத் தாண்டினால் மின்விசிறிக்கு அடியில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் பாதங்களையும் அடிவயிற்றையும் ஒற்றியெடுங்கள். பனிக்கட்டி நீர் வேண்டாம். 105-ஐத் தாண்டினால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வெப்பம், உண்டது, குடித்தது, மருந்து கொடுத்த நேரம் நான்கையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை மருத்துவர் கேட்கும்போது அந்த நோட்டுதான் பேசும்.

இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. ஊட்டிவிடலாமா?

முதலில் வலியை அடக்குங்கள். பல குட்டிகள் மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் தாமாகவே சாப்பிடும். உணவையும் தண்ணீரையும் வாயருகே கொண்டுபோங்கள். தட்டை நோக்கி நடக்க முடியாத குட்டி பசியோடுதான் படுத்திருக்கும். வேகவைத்த கோழியோ முட்டையோ லேசாகச் சூடாக, வாசனையோடு இருந்தால் நல்லது. படுத்திருக்கும் குட்டியின் வாயில் ஊசிக்குழல் வைத்துப் பாலையோ கஞ்சியையோ பீச்சாதீர்கள். மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வந்துவிடும். மூன்று, நான்கு மாதக் குட்டி ஒரு முழு நாள் எதுவும் உண்ணவில்லை, குடிக்கவில்லை என்றால் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கலாம். மூன்றாம் நாள்வரை காத்திருக்காதீர்கள்.

குணமான பிறகு என்ன உணவு தரலாம்? ராகி, ஆட்டுக்கால் சூப்பெல்லாம் கொடுத்துக் கொழுகொழுவென்று ஏற்றினால்தானே கிரேட் டேன்?

இல்லை. கிரேட் டேனின் இறுதி உயரத்தை அதன் பரம்பரை முடிவு செய்கிறது; நீங்கள் கொட்டும் உணவு அந்த உயரத்தை எட்டும் வேகத்தைத்தான் கூட்டும். வேகமும் எடையும் வளரும் எலும்புக்கு எதிரிகள். லாப்ரடார் நாய்களை வைத்து அமெரிக்காவில் நடந்த நீண்டகால ஆய்வு ஒன்றில், 25 சதவீதம் குறைவாக உண்டு ஒல்லியாக வளர்ந்தவை மற்றவற்றைவிடச் சராசரியாக இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் கூடுதலாக வாழ்ந்தன. இடுப்பு மூட்டுத் தொல்லைகளும் அவற்றுக்குக் குறைவு. விலாவில் கை வைத்தால் எலும்புகள் எளிதாகத் தட்டுப்பட வேண்டும். அக்கம்பக்கத்தார் "மெலிந்துவிட்டதே" என்று சொன்னால் சொல்லட்டும்.

கடை உணவு என்றால் பெரிய இனக் குட்டிகளுக்கென்று குறிப்பிட்டிருப்பதை வாங்கி, ஆறு மாதம் வரை நாளுக்கு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அதன்மேல் எந்த டானிக்கும் வேண்டாம். வீட்டுச் சமையல்தான் என்றால், சோறும் கறியும் மட்டும் போதாது. கால்சியமும் பாஸ்பரசும் சரியான விகிதத்தில் அமைய வேண்டும். அதைக் கால்நடை ஊட்டச்சத்து தெரிந்த மருத்துவரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். ராகியும் சூப்பும் அந்தக் கணக்குக்குப் பதிலாகாது. சூப்பில் வெங்காயம், பூண்டு வேண்டவே வேண்டாம்.

தடுப்பூசி போட்ட சில நாளில்தான் வந்தது. இனி தடுப்பூசியே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். சரிதானே?

சரியல்ல. காய்ச்சலும் வலியும் இருக்கும்போது எந்தத் தடுப்பூசியும் போடக் கூடாது, அது உண்மை. சில குட்டிகளில் தடுப்பூசிக்குப் பின் நோய் தலைகாட்டியதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் தடுப்பூசி போடும் வயதும் எச்.ஓ.டி. வரும் வயதும் ஒன்றே என்பதால், இரண்டும் அடுத்தடுத்து வருவது தற்செயலாகவும் நேரும். நம் ஊரில் பார்வோ என்ற வைரஸ் நோயும் டிஸ்டெம்பரும் குட்டிகளைக் கொல்கின்றன. வெறிநாய்க்கடி நோய் வந்தால் மனிதனுக்கும் மீட்சி இல்லை.

நடைமுறை வழி: குட்டி முழுதாகத் தேறி, மருந்துகளும் நின்ற பின், முக்கியமான தடுப்பூசிகளை ஒரே நாளில் குவிக்காமல் இடைவெளிவிட்டுப் போட முடியுமா என்று மருத்துவரிடம் பேசுங்கள். அதுவரை தெரு நாய்கள் நடமாடும் இடங்களில் குட்டியை விடாதீர்கள். தடுப்பூசி போட்ட பின் ஒரு வாரம் தினமும் வெப்பம் பாருங்கள்.

பத்து நாளில் ஓட ஆரம்பித்தது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே அலறல். மருந்து தப்பா?

மருந்தின் தவறாக இருக்க வேண்டியதில்லை, எச்.ஓ.டி.யின் இயல்பே அப்படி. சில குட்டிகளுக்கு ஒரே தடவையோடு போய்விடும், சிலவற்றுக்கு வளர்ச்சி அடங்கும்வரை விட்டுவிட்டு வரும். இரண்டாம் முறை வரும்போது உங்களுக்கு அறிகுறி தெரியும், நோட்டு இருக்கிறது. முதல் நாளே மருத்துவரிடம் போய்விட்டால் பல நேரங்களில் குறைந்த துன்பத்தோடு அடங்கிவிடும். மீதமிருக்கும் பழைய மாத்திரையை நீங்களாகவே தொடங்காதீர்கள். குட்டியின் எடை அதற்குள் வெகுவாக மாறியிருக்கும்.

தேறிய பிறகும் படியேற்றம், மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓடவிடுவது, பெரிய நாய்களோடு முரட்டு விளையாட்டு வேண்டாம். மண் தரையில் அதன் போக்கில் உலவட்டும்.

வலி போய்விட்டது. ஆனால் முன்னங்கால் வெளிப்பக்கம் வளைந்துகொண்டே போகிறது. வளர்ந்தால் நேராகிவிடுமா?

காத்திருந்து பார்க்க வேண்டிய விஷயம் அல்ல இது. மணிக்கட்டுக்கு மேலே தடித்த புடைப்பு மட்டும் என்றால் மாதக்கணக்கில் மெல்லக் கரையும். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் நடைக்குத் தொல்லை தராமல் போகலாம். கடுமையாக நோய் கண்ட குட்டிகளில் வளர்தட்டே சேதமடைந்திருக்கலாம். முன்னங்காலின் கீழ்ப்பகுதியில் இரண்டு எலும்புகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று வளர்வது நின்று மற்றொன்று வளர்ந்துகொண்டே போனால் கால் வில்லாக வளையும். அதை அறுவை சிகிச்சையால் திருத்தும் வாய்ப்பு, வளர்ச்சி மிச்சம் இருக்கும்போதுதான் அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முன்னாலிருந்து ஒரே இடத்தில் நிற்கவைத்துப் படம் எடுங்கள். வளைவு கூடுவது தெரிந்தால் எலும்பு அறுவை சிகிச்சை செய்யும் கால்நடை மருத்துவரை அந்த வாரமே பாருங்கள்.

கருணைக் கொலை செய்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

முதல் இரண்டு, மூன்று நாளில் அந்த முடிவுக்கு வராதீர்கள். எழ முடியாமல், 106 டிகிரி காய்ச்சலோடு கிடந்த குட்டிகள் தேறி முழு ஆயுள் வாழ்வது உண்டு; பெரும்பாலானவை தேறுகின்றன. முடிவெடுக்கும் முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நோய் எக்ஸ்ரேயில் உறுதியானதா? வலி மருந்து முழு அளவில் கொடுக்கப்பட்டதா? அது பலிக்காதபோது ஸ்டீராய்டு முயன்று பார்க்கப்பட்டதா? உள்நோயாளியாக வைத்துக் குளுக்கோஸ் ஏற்றப்பட்டதா? இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு "இல்லை" என்றால் குட்டிக்கு இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கிறது.

இவை அனைத்தும் செய்தும் வலி அடங்கவில்லை, மீண்டும் மீண்டும் வருகிறது, நிமோனியா போன்ற வேறு சிக்கல்களும் சேர்ந்துவிட்டன என்றால், அதன் துன்பத்தை நிறுத்துவது கொடுமை அல்ல. மருத்துவரும் அதையே சொன்னால் அந்த முடிவை எடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த நேரத்தில் கூடவே இருங்கள்.

தேறிவிட்டது, நல்ல உயரம், நல்ல நிறம். ஜோடி சேர்க்கலாமா?

வேண்டாம். காரணம் முழுதாகத் தெரியாவிட்டாலும் பரம்பரையின் பங்கு இருப்பதாக வலுவான சந்தேகம் உள்ள நோய் இது. குட்டி கொடுத்தவரிடம் எக்ஸ்ரே படத்தின் நகலோடு விவரத்தைச் சொல்லுங்கள். அதே ஈற்றில் மற்ற வீடுகளுக்குப் போன குட்டிகளைப் பற்றியும் விசாரிக்கச் சொல்லுங்கள். கருத்தடை செய்வதென்றால், பெரிய இனங்களுக்கு வளர்தட்டுகள் மூடும்வரை தள்ளிப்போடுவது எலும்புக்கு நல்லது. எப்போது மூடியிருக்கிறது என்பதை மருத்துவர் இன்னொரு எக்ஸ்ரேயில் பார்த்துச் சொல்வார்.